ஒரு வட்டம், ஒரு பெருக்கல் குறி

என் அக்கா புருஷனுக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர் வைத்தவர் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. யார் வைத்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கிற வேலை. ஆளைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, லேசா கேட்டாலும் அமுக்குங்க” என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வார். பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறார். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்கிறார் என்பது அக்காவின் புகார்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால் கிட்டார்தான். மாமாவிடம் ஒன்பது கிட்டார்கள் இருக்கின்றன. தடுமாறாமல் முழுதாக வாசிக்கத் தெரிந்த பாட்டு இரண்டு. சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் உண்மை உண்மைதானே. எனக்கு வாசிக்கவே தெரியாது. நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ‘அசையாதீங்க, மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க’ என்பதோடு என் வித்தை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா வீட்டு மாடி அறையில் ஏழு பேர் கூடுவார்கள். அந்த வாரம் எதையாவது வாங்கியவர் பெட்டியோடு கொண்டுவர வேண்டும். வாங்கியவரே பெட்டியைத் திறக்கக் கூடாது, இன்னொருவர்தான் திறக்க வேண்டும். பல் டாக்டர் ஒருவர் வருவார். வீட்டில் தெரிந்தால் தொலைந்தோம் என்று எல்லாப் பார்சலையும் கிளினிக் விலாசத்துக்கு வரவழைத்து, காதும் காதும் வைத்த மாதிரி இங்கே தூக்கிக்கொண்டு வருவார். பெட்டி திறந்ததும் ஆளாளுக்குத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். வாங்கியவர் மூன்று தடவை கம்பிகளை மீட்டுவார். மாமா கண்ணைத் திறந்து, “உயிர் இருக்கு” என்பார். அல்லது “செத்த சத்தம்” என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. உயிரோடு தேறியதை நான் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். செத்ததை வாங்கியவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், அடுத்த மாதம் வேறொன்று வாங்கி வருவார்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் மில்லுக்காரர். மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறார். கட்டையை முகர்ந்து பார்த்தே என்ன மரம் என்று சொல்லிவிடுவார். மற்றவர்களைப் போல வாங்கிக் குவிக்கிற ஆள் இல்லை. பதினோரு வருஷமாக ஒரே கிட்டார். அவர் மனைவி துணி தைத்துச் சேர்த்த காசில் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

அப்படிப்பட்டவரும் போன வருஷம் வாங்க ஆரம்பித்தார்.

முதலில் ஒசத்தியான கம்பி மாற்றினார். “முன்ன மாதிரி பளிச்சுனு இல்லீங்க. அந்த ரெண்டு சன்னக் கம்பியும் போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு” என்றார். அடுத்து சத்தத்தைக் கூர்மையாக்குகிற பெடல் ஒன்று வாங்கினார். அதற்கும் அடுத்து சத்தத்தைப் பெருக்குகிற புது ஆம்ப். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கைதட்டியது, ஒவ்வொன்றையும் நான் மூன்று கோணத்தில் படம் பிடித்தேன். அவர் ஆம்பில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டுத்தான் வாசிப்பார். பல் டாக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். மில்லுக்காரரோ, “பாத்தீங்களா, ஒண்ணுமே வரல” என்று உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “கம்பி இல்லீங்க, ஆம்பும் இல்ல. கிட்டார்தான். கட்டை செத்துடுச்சு.”

மரத்தைப் பற்றி இன்னொருவர் சொல்லி மில்லுக்காரர் கேட்டுக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிட்டாரைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவினார். “காது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். கடைக்காரர் ஒருவரிடம் பேசி, பழையதைக் கொடுத்துப் புதியதை எடுப்பதாக ஏற்பாடானது. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். அதை வாங்கிக் கொடுத்த மனைவியிடம் இவர் இன்னும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு எட்டு நாள் முன்பு மாமாவும் ஒன்று வாங்கினார். வெளியூரில் முகம் தெரியாத யாரோ விளம்பரம் கொடுத்து விற்ற பழைய கறுப்பு கிட்டார். பல் டாக்டர் பெட்டியைத் திறந்தார். மாமா தானே மீட்டிவிட்டுத் தானே கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“இந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷமா அலைஞ்சேன்” என்றார். இரண்டு நாளைக்கு அவர் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, உள்ளே பெயின்ட் படாத இடத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அது என்ன மரம் என்று மில்லுக்காரர் சொல்லிவிடுவாராம். நாலு திருகாணிகளையும் கழற்றிக் கழுத்தை எடுத்தார். நான் போனைச் சாய்த்துப் பிடித்தேன். உள்ளே சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில் நீலப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி.

அது மாமாவின் குறி. ஆஸ்பத்திரித் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கலும் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் தன்னுடைய சாமான் எல்லாவற்றிலும் அதையே போட்டுவைப்பார். குடையில் இருக்கிறது, சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது.

“மாப்ளே, இதை யாரு போட்டது?”

“நீங்கதான் மாமா.”

“நான் எப்ப போட்டேன்? வாங்கி மூணு நாள்தான் ஆகுது. இன்னிக்குத்தான் திறக்கறேன்.”

நான் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சை கிட்டார். அதன் கீழே குழுவில் மாமா எழுதியது: ‘கொடுத்துத் தொலைத்தேன். செத்த சத்தம். இனி நிம்மதி.’

மாமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கறுப்பு கிட்டாரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பச்சை எட்டிப் பார்த்தது.

“உள்ள எதையாவது மாத்தியிருப்பாங்க” என்று பின்மூடியையும் கழற்றினார். எதுவும் மாறவில்லை. வயரில் அவரே வைத்த கோணல் ஈயப்பற்றுகூட அப்படியே இருந்தது.

“அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?” என்றார்.

“ரெண்டையும் நிஜமாத்தான் சொன்னீங்க. அதுதான் மாமா எனக்கும் புரியல.”

காபி கொண்டுவந்த அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கறுப்பு பெயின்ட் அடிச்சா பழசையே வாங்கிப்பீங்கன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா? மீதி எட்டையும் நானே அடிச்சுத் தந்திருப்பேனே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை. காபி ஆறிப்போகும் வரை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, என் காது போயிடுச்சா?” என்று கேட்டார்.  ஊரார் காதையெல்லாம் பார்த்தவர் தன் காதை ஒரு நாளும் பார்த்துக்கொண்டதில்லை.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சின்ன அறைக்குள் மாமா உட்கார்ந்தார், மெஷின் முன்னால் நான். எந்தக் குமிழை எப்போது திருப்ப வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். நான் திருப்பத் திருப்ப, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினார். வட்டமும் பெருக்கலும் நானே போட்டேன். எல்லாம் தாளின் மேல்பக்கத்திலேயே வரிசையாக விழுந்தன. மேலே விழுந்தால் நல்ல காது.

மாமா வெளியே வந்து தாளைப் பார்த்தார். “இருபது வயசுக்காரன் காது” என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“காது அதேதான். கிட்டாரும் அதேதான். அப்ப எது மாறுச்சு?”

“பெயின்ட்” என்றேன். முறைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து ஒன்பதையும் மீட்டச் சொல்லிக் கேட்டார். இரண்டைத்தான் சரியாகச் சொன்னார். அந்த இரண்டும் குருட்டாம்போக்கில் சொன்னது என்று அவரே ஒப்புக்கொண்டார். “இத்தனை வருஷமா நான் என்னத்தக் கேட்டேன்னே தெரியலையே” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். எனக்கும் குழப்பம்தான். அவர் தீர்ப்புச் சொன்ன எத்தனை கிட்டார்களை நான் படம் எடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாமா முடிவுசெய்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் மில்லுக்காரர் தன் பழைய கிட்டாரோடு வந்துவிட்டார். கைமாறிப் போகிற கிட்டாருக்குக் கடைசியாக ஒரு படம் எடுப்பது கூட்டத்தின் வழக்கம். நான் எடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“காது, எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுடுங்க. நாளைக்குச் சாயந்தரம் போயிடும். அவகிட்ட இன்னும் சொல்லல” என்றார்.

மாமா வழக்கம்போலக் கண்ணை மூடப் போனார். மூடவில்லை. பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் முதல் தடவையாக அவர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

மில்லுக்காரர் ட்ரெபிளைக் கடைசி வரை திருகினார். தலையை ஆம்ப் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு சன்னக் கம்பிகளை மீட்டினார். பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கே பல் கூசியது.

“பாத்தீங்களா, ஒண்ணுமே வரல” என்றார் மில்லுக்காரர்.

மாமா பல் டாக்டரைப் பார்த்தார், மில்லுக்காரரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“மில்லுல மெஷின்கிட்ட நிக்கறப்ப காதுக்கு ஏதாவது மாட்டுவீங்களா?”

“எதுக்கு? இருபத்தஞ்சு வருஷமா பழகிப்போச்சு.” பிறகு சிரித்துக்கொண்டே, “நான் எப்பவும் கத்திப் பேசறேன்னு வீட்டுலதான் திட்டு” என்றார்.

“நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. முதல் ஆளா பாத்துடறேன்.” மாமா என் பக்கம் திரும்பி மெதுவாக, “நீயும் வா மாப்ளே” என்றார்.

ஸ்டுடியோவைத் திறக்காமல் போனேன். மில்லுக்காரர் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். உள்ளே உட்கார்ந்து, பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தார். மாமா கனத்த சத்தங்களில் ஆரம்பித்தார். விரல் டக்டக்கென்று அமுங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு கீச்சென்ற சத்தங்களுக்குப் போனார். இதே சத்தத்துக்கு மாமா பத்து டெசிபல் அளவிலேயே அமுக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. இவருக்கு இருபது வைத்தார். விரல் அசையவில்லை. முப்பது வைத்தார். நாற்பது. மாமா குமிழைத் திருப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஐம்பது. அறுபது.

உள்ளிருந்து மைக் வழியாக மில்லுக்காரரின் குரல் மரியாதையாக வந்தது. “நான் ரெடிங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க?”

 மாமா தாளில் எங்கோ கீழே ஒரு வட்டம் போட்டார். சிவப்பு மை கோணலாக இழுத்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து மில்லுக்காரர் வெளியே வந்தார். “பாஸா ஃபெயிலா?” என்றார்.

“என்னை மன்னிச்சுடுங்க” என்றார் மாமா. “ஒரு வருஷமா என்கிட்ட வந்து பளிச்சுனு இல்ல, பளிச்சுனு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. இங்க வந்து வேற யாராவது அப்படிச் சொல்லியிருந்தா உடனே உள்ள உக்கார வெச்சிருப்பேன். நீங்க கிட்டாரோட வந்தீங்க. நான் கிட்டாரையே பாத்துக்கிட்டு உங்களக் கோட்டை விட்டுட்டேன். மெஷின் சத்தத்துல காது அடி வாங்கியிருக்கு. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். டாக்டரைப் பாப்போம், நானும் கூட வர்றேன்.”

மில்லுக்காரர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு திருப்பிப் பிடித்தார். அழப்போகிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன்.

“அப்ப என் கிட்டார் செத்துப் போகலையா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அவ வாங்கிக் குடுத்தது நல்லாத்தான் இருக்கா?”

“நல்லா இருக்கு. எங்க எல்லாருக்கும் பளிச்சுனுதான் கேக்குது.”

மில்லுக்காரர் தாளை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார். முகம் எல்லாம் சிரிப்பாகிவிட்டது. அங்கேயே கடைக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். அடுத்து வீட்டுக்குப் போட்டார். காது போனவரைப் பார்த்து அழுவதா, கிட்டார் பிழைத்தவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் போனில் கத்தினார். “உன் கிட்டாருக்கு ஒண்ணும் இல்லையாம். என் காதுதானாம்.”

மாமா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.