தூசியில் எழுதிய எண்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கேட்டேன். அதில் உட்கார்ந்திருந்த குவாலிட்டி செக்கிங் சரளா, தூசி படிந்த கண்ணாடியில் விரலால் 73939133 என்று எழுதினாள்.

"இத்த மீதியில்லாம வகுத்துக் காட்டுக்கா, எந்திரிக்கிறேன். ஒன்னும், அதே நம்பரும் ஆட்டத்துல இல்ல."

போனில் தட்டித் தட்டிப் பார்த்தும் வகுபடவில்லை; அதற்குள் பஸ் மண்ணூர் தாண்டிவிட்டது.

"ரொம்ப நீளம்டி, வாலை வெட்டிக்கிறேன்" என்று கடைசி எண்ணைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

"எத்தினி வெட்டினாலும் வகுபடாதுக்கா."

விடுவேனா? பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, மிச்சத்தை வகுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஏழு மட்டும் மிஞ்சியது. அதுவும் மசியவில்லை. கோபத்தில் அதையும் துடைத்தேன்.

"தேங்க்ஸ்க்கா, கண்ணாடி பளிச்சுனு கீது" என்று ஒரகடம் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டில் நாலு ஜன்னல் தூசியாகக் கிடக்கிறது. இதைவிட நீளமான எண் தெரிந்தால் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் பந்தயம் கட்ட வேண்டும்.