பன்னிரண்டு மணிக்கு விழுந்த லிங்க்

ஆரணியில் வயர்லெஸ் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஸ்டோரும் பர்ச்சேஸும் பார்த்தேன். டவரில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறுகிறவர்கள் கையில் எதைக் கொடுத்து அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. டவர் உச்சியில் மாட்டி சிக்னல் அனுப்பும் ரேடியோ வாங்குவதென்றால் நான்கு பேர் கூடிப் பேசுவார்கள். கேபிளைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "அத ரோசலின் பாத்துக்கும்" என்று என்னிடம் விட்டுவிடுவார்கள். இப்போது ஸ்டோருக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

1. லேசான பெட்டி

தேசூர் பக்கம் எங்களுக்கு நாற்பத்தைந்து மீட்டர் டவர் ஒன்று உண்டு. ரேடியோவும் ஆன்டெனாவும் உச்சியில் இருக்கும். கீழே இருக்கும் ரூமிலிருந்து ஒரே ஒரு கேபிள் மேலே போகும். டேட்டா போவதும் அதில்தான், ரேடியோவுக்கு வேண்டிய கரண்ட் போவதும் அதில்தான். ரூமுக்குள் சுற்றி வளைத்து எழுபது மீட்டர் நீளம் வந்தது.

வழக்கமாக வாங்கும் அவுட்டோர் கேபிள் அப்போது ஸ்டாக் இல்லை. வர பத்து நாள் ஆகும் என்றார்கள். முதலாளி பாஸ்கர் சாரிடம் சொன்னேன்.

"பத்து நாள்லாம் தாங்காதும்மா. கஸ்டமருங்க கேட்டுகினே இருக்காங்க. ஜல்தியா எது கிடைக்குதோ அத வாங்கு" என்றார்.

வேறொரு கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். அவுட்டோர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மேல்தோல் கறுப்பு. "காப்பர்தானே?" என்று கேட்டேன். "காப்பர்தாங்க மேடம்" என்றார். தூக்கிப் பார்த்தேன். வழக்கமான பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்குவேன். இது ஒரே கையில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டவர் ஏறுகிற முனிரத்தினத்துக்குத் தோளில் இவ்வளவு சுமை குறையுமே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முனிரத்தினம் எங்கள் சீனியர் ரிக்கர். நாற்பது வயது. நெசவுக் குடும்பம், அண்ணன் இன்னும் தறியில் இருக்கிறார். இவருக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒத்துவரவில்லை. அந்தக் கேபிளை ஒரே காலையில் இழுத்துக் கட்டி, இன்டர்நெட் லிங்க்கை ஓடவிட்டு வந்தார்.

2. புடவை பாதியில் நிற்கிறது

அது தை மாதம். இரண்டு மாதம் எல்லாம் சரியாக ஓடியது. பங்குனி வெயில் ஆரம்பித்ததும் கம்ப்ளெயின்ட் வர ஆரம்பித்தது. பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு லிங்க் விழும். ரேடியோ தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். மறுபடி விழும். மூன்று மணிக்கு மேல் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

அந்த டவர் லைனில் பத்மாவதி அம்மா என்று ஒரு கஸ்டமர். ஆறு கைத்தறி வைத்துப் பட்டுப் புடவை நெய்ய வைக்கிறவர். வீடியோ காலில் புடவையை விரித்துக் காட்டித்தான் அவருக்கு வியாபாரம். தினம் போன் செய்தார்.

"ஏம்மா, பார்டர் காட்டி, ஒடம்பு காட்டி, முந்தானி எடுக்கறப்போ நின்னு பூடுது. மறுபடி போன் போட்டா பொடவ வாங்கற அம்மா எடுக்கறதில்ல. வேற கடையில பாத்துகினு பூட்டாங்க. இன்னா பேஜார்மா இது?"

முதலில் கீழே இருக்கும் பவர் அடாப்டரை மாற்றினோம். சரியாகவில்லை. முனிரத்தினம் ஏறி ரேடியோவை மாற்றினார். சரியாகவில்லை. மறுபடி ஏறி கனெக்டர்களை வெட்டி, ஒயரில் புதிதாக அழுத்திப் பொருத்தி கிரிம்ப் பண்ணினார். அதுவும் சரியாகவில்லை. காலையில் எப்போது டெஸ்ட் பண்ணினாலும் எல்லாம் பச்சை. கேபிளைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. புது கேபிள், அதுவும் ரோசலின் வாங்கியது.

"விழற நேரத்துக்கு மேல இருந்து பாத்தாதான் தெரியும்" என்றார் பாஸ்கர் சார். அப்படியென்றால் உச்சி வெயிலில் ஒரு ஆள் உச்சியில் இருக்க வேண்டும். கீழே லேப்டாப்போடு நானும் போனேன்.

3. உச்சியில்

பதினொன்றரைக்கு முனிரத்தினம் ஏறினார். ரேடியோவுக்கு முன்னால் செருகுகிற சின்ன டெஸ்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு என் லேப்டாப்பில், லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் பிங் நின்றது. போனில் அவர் குரல் வந்தது.

"அக்கா, ரேடியோ ஆஃப் ஆவறப்போ பதினேழு வோல்ட் காட்டுது. கீழ எவ்ளோ?"

"கீழ இருபத்திநாலு இருக்கு முனி."

"அப்போ வழியிலதான் எங்கியோ..." அதோடு நிறுத்தினார்.

"இன்னா முனி?"

"ஒண்ணும் இல்லக்கா. கண்ணு இருட்டிகினு வருது."

வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தேன். பெல்ட்டில் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தார். ஒரு கை தொங்கியது.

"முனி, ரெண்டு ஹூக்கும் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கறேன்."

"அப்போ எறங்காத. அப்படியே பெல்ட்ல உக்காரு. பையில தண்ணி இருக்குதா?"

"இருக்குது."

"கொஞ்சமாக் குடி. மிச்சத்தத் தலையில ஊத்திக்கோ."

எங்களை வண்டியில் கூட்டி வந்த டிரைவர் இன்னொரு ரிக்கருக்குப் போன் போட்டார். அவர் கலசப்பாக்கத்தில் வேறு சைட்டில் இருந்தார். வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். "நான் ஏறட்டுமா?" என்று டிரைவர் கேட்டார். ஏறத் தெரியாத ஒருவரை அனுப்பி இரண்டு பேரை மேலே மாட்டிவிட எனக்குத் தைரியம் இல்லை. பேசிக்கொண்டே இருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அங்கிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஏரி தெரிகிறது என்றார். தண்ணீர் இருக்கிறதா என்றேன். அவர் மகள் எந்த வகுப்பு, டீச்சர் பேர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பதில் வரத் தாமதமாகும்போது என் கை தானாகச் சிலுவை போட்டது. ஒரு தடவை பதிலே வரவில்லை. "முனி! முனி!" என்று கத்தினேன்.

"இருக்கறேன்க்கா. கத்தாத, காது வலிக்குது" என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அரை மணி கழித்து, "இப்போ பரவால்ல, வர்றேன்" என்றார். ஒரு ஹூக்கைக் கழற்றி மாட்டி, அடுத்ததைக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு படியாக இறங்கினார். கால் தரையில் பட்டதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை இரும்பைப் போலச் சுட்டது. தேசூரில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வெயில் மயக்கம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி டிரிப்ஸ் போட்டார். சாயங்காலம் அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

4. பிளேடு

மறுநாள் பத்மாவதி அம்மா ஜரிகை வாங்க ஆரணிக்கு வந்தவர், நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார். சண்டை போடத்தான் வந்தார். முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலயே?"

"இல்லீங்க. நல்லா இருக்காரு."

"அப்போ லிங்க் கெடக்குது வுடு. இன்னாதான் கோளாறாம்?"

கீழே கொடுக்கும் கரண்ட் மேலே போவதற்குள் வழியில் குறைந்துவிடுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றேன். மேஜையில் அதே பெட்டியிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று கிடந்தது. உள்ளே இருக்கும் ஒயரை உருவி எடுத்தார். "இது செம்பா?" என்று கேட்டார். காப்பர்தான் என்றேன். என் பென்சில் சீவும் பிளேடை எடுத்து, நகத்தின் மேல் வைத்து, இரண்டு இழுப்பு இழுத்தார்.

"ஏம்மா, உள்ள வெள்ளையா இருக்குது பாரு. மேலதான் செம்புப் பூச்சு. ஜரிகையில எங்கள ஏமாத்தறவனும் இதேதான் பண்றான்."

அலுமினியம். மேலே மட்டும் காப்பர். எங்கள் தொழிலில் இதற்கு சி.சி.ஏ. என்று பேர். இதில் கரண்டுக்குத் தடை அதிகம். நீளம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும். வெயிலில் கேபிள் சூடானால் இன்னும் இறங்கும். காலையில் ரேடியோவுக்கு மட்டுமட்டாகப் போய்ச் சேர்ந்த கரண்ட், பன்னிரண்டு மணிக்குப் போதவில்லை. பெட்டி லேசாக இருந்ததும் இதனால்தான்.

பாஸ்கர் சார் ரூமுக்குப் போய், "தப்பு என்னுது சார்" என்றேன். ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜல்தின்னு சொன்னது நான்தாம்மா" என்றார். பிறகு, "வேற எந்த டவருக்கு இது போயிருக்குது?" என்றார்.

வேறு எங்கும் போகவில்லை. மிச்சத்தை நானே உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டினேன், யாரும் தெரியாமல்கூட எடுத்துவிடக் கூடாது என்று.

கடினமான வேலை முனிரத்தினத்துக்குப் போன் செய்வதுதான். கேபிள்தான் கோளாறு, மூன்று தடவை உன்னை வீணாக ஏற்றிவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சுச் சத்தம் கேட்டது.

"அப்போ என் கிரிம்பிங் தப்பில்லல்ல? கை போயிடுச்சோன்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா. பத்து நாளா சரியாத் தூக்கம் இல்ல. வீட்லகூடச் சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. ஒரு மணி

வழக்கமான கேபிள் வரும்வரை இந்தத் தடவை காத்திருந்தோம். முழு காப்பர், வெயில் தாங்கும் தோல், உள்ளே எர்த் கொடுக்க ஷீல்டு என்ற உலோகச் சுற்று. பிரிக்கும் முன்பே பெட்டியோடு இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துத் தடையைப் பார்த்தேன். ஒயரைச் சுரண்டினேன். கடைசிவரை சிவப்பு.

முனிரத்தினம் விடியற்காலையில் ஏறி, ஒன்பது மணிக்குள் இழுத்துக் கட்டி இறங்கிவிட்டார். பிறகு ரூமில் உட்கார்ந்து பிங் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு. பன்னிரண்டரை. வெளியே தார் உருகுகிற வெயில். ஒரு மணி. ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. பத்மாவதி அம்மாவிடமிருந்து போன்: "முந்தானிய முழுசாக் காட்டிட்டேன்மா. அந்தம்மா ரெண்டாவது பொடவ கேட்டுகினு இருக்காங்க, வெச்சிடறேன்."

"போதும்க்கா, மூடு அத" என்று முனிரத்தினம் லேப்டாப்பைக் காட்டினார். "பசிக்குது."

ஸ்டோரில் உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். சுரண்டுங்கள், எடை பாருங்கள், நீளத்துக்கு எத்தனை வோல்ட் போகும் என்று தரையிலேயே அளந்துவிடுங்கள். சரியான கேபிள் வரவில்லையென்றால் கஸ்டமரிடம் இரண்டு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு காத்திருங்கள். ஃபேன் காற்றில் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மனிதனை வெயிலில் உச்சிக்கு அனுப்பினேன். அவர் இறங்கி வந்தது என் பாக்கியம்.

அந்தக் கேபிள் போட்டு நான்கு கோடை ஆகிவிட்டது. அதற்காக யாரும் அந்த டவரில் மறுபடி ஏற வேண்டி வரவில்லை.