ஆதிமூலத்தின் மரணச் சான்று

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம். எந்தப் பக்கம் போவதானாலும் காகிதம் வேண்டும். அப்பா பிறந்ததற்கு ஒன்று, தாத்தா செத்ததற்கு ஒன்று. நெல்லித்தோப்பில் அப்படிக் காகிதம் தேடிப் புறப்பட்டவர்கள் செல்வாம்பாள் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்கள். அவள் மில்லில் நூல் சுற்றுகிறவள். சட்டம் தெரிந்தவள் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு மரணச் சான்றுக்காக அவள் அலைந்த அலைச்சலை அவள் வாயால் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். தங்கள் அலைச்சல் சின்னதாகவும் தெரியும்.

அந்தக் கதை சக்கரபாணியிடம் தொடங்குகிறது.

சக்கரபாணி செல்வாம்பாளின் முதல் புருஷன். கலகலப்பான ஆள். எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டமாட்டான். அப்போது புதுச்சேரியில் கைக்கடிகாரமும் லைட்டர் கல்லும் மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்தில் அதற்கெல்லாம் ஏகப்பட்ட கிராக்கி. நடுவில் கஸ்டம்ஸ் சாவடி. சக்கரபாணி சாமானைச் சைக்கிளில் மறைத்து வைத்துக்கொண்டு, சாவடிக்காரருக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத் தாண்டிப் போவான்.

அந்தச் சைக்கிள் அவனுடையது இல்லை. அவன் சிநேகிதன் ஆதிமூலத்தினுடையது. போட்டுக்கொண்டு போகும் நல்ல சட்டையும் ஆதிமூலத்தினுடையதுதான். ஆதிமூலம் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். கல்யாணமாகாதவன், பயந்த சுபாவம். எதிரே போலீஸ்காரர் வந்தால் தெரு மாறிப் போவான். ஏணியின் உச்சியில் நிற்கும்போது மட்டும்தான் அவனுக்குப் பயம் கிடையாது என்று சக்கரபாணி கேலி செய்வான்.

1954இல் எல்லையில் கெடுபிடி முற்றிய சமயம். ஒரு நாள் மத்தியானம் முன்பின் தெரியாத ஒருவர் நெல்லித்தோப்புக்கு வந்து, ஆதிமூலம் வீடு எது என்று விசாரித்துக் கதவைத் தட்டினார். ஆதிமூலமே கதவைத் திறந்தான்.

"ஆதிமூலம் வீடு இதானே? மனச தேத்திக்கிங்க. எங்க ஊரு மேலத்தாங்கல்ல நேத்து வாந்திபேதி கண்டு ஆதிமூலம் தவறிட்டாரு."

ஆதிமூலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. சைக்கிளில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்துத்தான் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அவனும் சக்கரபாணியின் தாய் அஞ்சலாட்சியும் ஏரிக்கரை வழியாகச் சாவடியைச் சுற்றிக்கொண்டு மேலத்தாங்கல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தொத்து வியாதி என்று ஊரார் உடனே எரித்துவிட்டார்கள். அஞ்சலாட்சி மகன் போட்டுப் போன சட்டையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடத்தல் சாமான் பேச்சு கிளம்பிவிடப் போகிறதே என்ற பயத்தில் ஆதிமூலம் அங்கே தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். செல்வாம்பாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. குழந்தை இல்லை.

காலையில் மில் சங்குக்கு எழுந்து, மாலையில் மில் சங்குக்கு வீடு திரும்பி அடுத்த சில வருஷங்களை அவள் ஓட்டிவிட்டாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். ஆதிமூலம் அவ்வப்போது வருவான். கூரையில் ஓடு மாற்றித் தருவான். கொல்லைப்புறச் சுவருக்குக் கேட்காமலே வெள்ளையடிப்பான். செல்வாம்பாள் அவனை அண்ணன் என்றும் கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி. அவன் வருகிற நாளில் குழம்பில் தன் கை கொஞ்சம் தாராளமாக எண்ணெய் ஊற்றுவதை அவளே கவனித்துவிட்டுத் தனக்குள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

அதை அஞ்சலாட்சியும் கவனித்திருந்தாள் போலிருக்கிறது. 1958 பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் தூரிகையோடு நின்றவனிடம் நேராகவே கேட்டாள்.

"ஏன்டா மூலம், இந்தச் செவுத்துக்கு எத்தினி வாட்டிடா வெள்ளையடிப்ப? அவளக் கட்டிக்கிறியா, இல்லியா?"

தூரிகை கீழே விழுந்தது. செல்வாம்பாள், "அத்தே!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். அஞ்சலாட்சி அவள் பின்னாலேயே போனாள்.

"எம்புள்ள செத்துட்டான்டி. நீ சாகல. நான் இருக்கும்போதே ஒன்ன ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டா எனக்கு நிம்மதி. அவன் நல்லவன். ஆனா நானும் உங்ககூடத்தான் இருப்பேன், சொல்லிட்டேன்."

செல்வாம்பாள் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னாள். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழமாட்டாள். மேரியில், அதாவது கடற்கரையோரத்து நகரசபை அலுவலகத்தில், எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டுத்தான் கல்யாணம். மில்லில் ஒருத்தியும் தன்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கூடாது.

மேரியில் ஜான்-பத்திஸ்த் என்ற குமாஸ்தா இருந்தார். தங்க பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு. பாதிப் பேச்சு பிரெஞ்சில் வரும்; ஆனால் பொறுமைசாலி.

"மதாம், உங்க முதல் புருஷனோட அக்த் தெ தெசே வேணும். மரணச் சான்று. அது இல்லாம ரெண்டாவது கல்யாணம் எழுத முடியாது."

"அவுரு செத்தது ஊருக்கே தெரியுங்க முசியே."

"ஊருக்குத் தெரிஞ்சா போதாது, புத்தகத்துக்குத் தெரியணும். அவர் இங்க சாகல. செத்த ஊர்ல எழுதியிருப்பாங்க. அங்க முத்திரை போட்ட நகல் வாங்கிக்கிட்டு வாங்க. நீதிபதி பார்த்து உத்தரவு குடுப்பார். அப்புறம் எங்க புத்தகத்துல ஏத்திடுவோம். செ தூ, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது செல்வாம்பாளுக்குத் தெம்பாக இருந்தது. அந்த வாரமே மூன்று பேரும் விழுப்புரம் பஸ் ஏறினார்கள். கிராம முன்சீப் எழுதும் சாவுக் கணக்கு வருஷம் முடிந்ததும் தாலுகா ஆபீசுக்கு வந்துவிடும் என்று கேள்விப்பட்டு நேராக அங்கே போனார்கள். மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பிற்பகலில் எழுத்தர் கூப்பிட்டார்.

"மேலத்தாங்கல்ல அந்த வருஷம் சக்கரபாணின்னு யாரும் சாகலியே."

"நல்லா பாருங்க சார். வாந்திபேதி. பாண்டிச்சேரிக்காரரு."

எழுத்தர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "பாண்டிச்சேரிக்காரர் ஒருத்தர் இருக்கார். வாந்திபேதிதான். ஆனா பேரு வேற. ஆதிமூலம், நெல்லித்தோப்பு, வயசு முப்பத்திரண்டு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆதிமூலம் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான்.

"எங்கூட வந்திருக்காரே, இவுருதான் சார் ஆதிமூலம்," என்றாள் செல்வாம்பாள்.

எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா சக்கரபாணி உயிரோட இருக்காரு, இவரு செத்துட்டாரு. கணக்குப்படி சொல்றேன். நீங்க மேலத்தாங்கல் முன்சீப்பத்தான் பாக்கணும்."

வெளியே வந்ததும் செல்வாம்பாளுக்குக் கோபம் பொங்கியது. கஸ்டம்ஸ்காரனுக்குப் பயந்து சிநேகிதன் பெயரைச் சொல்லியிருக்கிறான்! சாகும் நேரத்திலும் புத்தி மாறவில்லை. அஞ்சலாட்சிதான் முதலில் சிரித்தாள்.

"சட்டைய வாங்கினான், சைக்கிள வாங்கினான், கடசீல பேரையும் வாங்கிக்கினு போயிட்டானே!"

சிரிப்பு செல்வாம்பாளுக்கும் தொற்றியது. தாலுகா ஆபீஸ் வாசலில் இரண்டு பெண்கள் சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்ததை மனு எழுதுகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆதிமூலம் மட்டும் சிரிக்கவில்லை. பேயறைந்தவன்போல் நின்றான்.

ஆனால் மேலத்தாங்கல் போகிற வண்டித்தடத்தில் அவனுக்குள் என்னவோ நடந்தது. முன்னால் முன்னால் நடந்தான். முன்சீப் கலியபெருமாள் வீட்டு வாசலில் அவனே குரல் கொடுத்தான். பெரிய மீசையோடு முன்சீப் வெளியே வந்தார்.

"யாருப்பா நீ?"

"நெல்லித்தோப்பு ஆதிமூலங்க."

"நெல்லித்தோப்பு ஆதிமூலத்த நானே முன்ன நின்னு எரிச்சேனே!"

"அதப் பத்தித்தான் பேச வந்தேன்."

முன்சீப்பின் மீசை துடித்தது. விஷயம் புரிந்ததும், தான் எழுதியது எழுதியதுதான், செத்தவன் வாயால் சொன்ன பெயர்தான் அது, இனிமேல் அதைத் தொட்டால் தன் வேலைக்கு உலை என்று சத்தம் போட்டார். பழைய ஆதிமூலமாக இருந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பான்.

"ஐயா, நீங்க பொய் எழுதலைன்னு நானே வந்து சத்தியம் பண்றேன். ஆனா என்னச் சாகடிச்சது நீங்க. உயிர் குடுக்காம இந்த எடத்த விட்டு நான் போவமாட்டேன்," என்று சொல்லிவிட்டு முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். செல்வாம்பாள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். இவ்வளவு உரத்த குரல் இவரிடம் எங்கே இருந்தது?

கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் சின்னப்பாப்பா என்ற நடுவயதுப் பெண்ணும் இருந்தாள். சாகும் வரை சக்கரபாணியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"செவப்பா, மோவாயில தழும்பு. அந்த ஆளுதானே?"

"என் வயித்துல பொறந்தவன்டி அவன். நுங்கு வெட்டும்போது அருவா பட்ட தழும்பு," என்றாள் அஞ்சலாட்சி.

"பேரக் கேட்டா, 'ஆதிமூலம், ரொம்ப நல்லவன்'னு சிரிச்சாரு. அப்புறம் சொரணை தப்புற வரைக்கும் ஒரே பேருதான். 'செல்வா கிட்ட சொல்லு, செல்வா கிட்ட சொல்லு'ன்னு. ஆதிமூலத்தோட பொண்டாட்டி பேரு செல்வா போலருக்குன்னு நாங்க நெனச்சிக்கினோம்."

செல்வாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் அவளைக் கூப்பிட்டான் என்பது இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது. அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே கரைந்துபோயிற்று.

அஞ்சலாட்சி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "நீங்க நெனச்சது நடக்கத்தான் வந்திருக்கோம். இவதான் செல்வா. இவன்தான் ஆதிமூலம். இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். நீங்க மனசு வச்சா."

கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் முன்சீப்பும் கரைந்துவிட்டார். உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கே விழுப்புரம் போவோம். சின்னப்பாப்பா, நீயும் கெளம்பு," என்றார்.

நாளைக்கே முடிகிற காரியமாக அது இல்லை. தாசில்தார் இரண்டு தடவை ஒத்திப்போட்டார். முன்சீப், சின்னப்பாப்பா, அஞ்சலாட்சி மூன்று பேரும் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த பிறகு, ஆதிமூலத்தின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சக்கரபாணி என்று எழுதி முத்திரை வைத்தார்கள். அந்த நகலோடு புதுச்சேரி நீதிபதி முன்னால் போனபோது சாட்சிகளை நேரில் வரச்சொன்னார். மேலத்தாங்கலிலிருந்து பஸ் ஏறி முன்சீப்பும் சின்னப்பாப்பாவும் வந்தார்கள்.

நீதிபதி ஆதிமூலத்தைக் கைகாட்டி, பிரெஞ்சில், "இவர்தான் இறந்ததாக எழுதப்பட்டவரா?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் முன்சீப் ஆதிமூலத்தின் தோளைப் பிடித்து உலுக்கி, "கல்லுக் குண்டாட்டம் இருக்கானுங்க, எசமான்," என்றார். நீதிபதி சிரித்துக்கொண்டே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மேரியில் ஜான்-பத்திஸ்த் தம் அழகான கையெழுத்தில் சக்கரபாணியின் சாவை ஏற்றினார். எழுதி முடித்ததை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள் அஞ்சலாட்சி. படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் மறுபடி படித்தார், இந்தத் தடவை தமிழில், இன்னாரின் மகன் சக்கரபாணி என்று நிறுத்தி நிதானமாக. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

கல்யாண அறிவிப்பு மேரிப் பலகையில் ஒட்டப்பட்டது. மில்லில் வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வாயைப் பொத்திச் சிரித்தவள் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் வாய்விட்டே சிரித்தார்கள், செல்வாம்பாளும் சேர்ந்து.

1959 தையில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து முன்சீப்புடையது. சின்னப்பாப்பா கட்டைவிரல் ரேகை வைத்தாள். சம்மதமா என்று பிரெஞ்சில் கேட்டதும் ஆதிமூலம் ஆமாம் என்பதற்கு "உய்!" என்று போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்த குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வாம்பாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தன் முறை வந்தபோது அவளும் தெளிவாகவே சொன்னாள்.

வெளியே வந்தால் எதிரே கடல். சின்னப்பாப்பா அதுவரை கடலைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. முன்சீப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கிவிட்டார். ஆதிமூலம் சூடான நீட்டு ரொட்டி வாங்கிவந்து ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தான். புதுத் தாலியோடு செல்வாம்பாள் மணலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அஞ்சலாட்சி சின்னப்பாப்பாவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எம்புள்ள ஏதாச்சும் குடிச்சானா?"

"ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரும்மா. உப்பு பத்தலன்னாரு."

"சொல்லுவான்," என்றாள் அஞ்சலாட்சி. "என் சமையலையே கொற சொல்றவன் ஆச்சே." ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "இதுலயும் உப்பு பத்தலதான்," என்றாள்.