ஓடுகிற எழுத்தைப் படித்த லூர்து அத்தை

வேன் அக்காக்களே, நாளை சாயங்காலப் பூசை முடிகிற வரை தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம்கூட வேண்டாம். படம் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பா எல்லாக் குழுவிலும் இருக்கிறார். காலையில் ஓவர்டைம் வேன் எங்கள் சந்திப்பில் நிற்கும்போது, ரொட்டி வாங்கப் போகிறவள் மாதிரி வந்து இந்தத் தாள்களைக் கமலா அக்காவின் கையில் கொடுத்துவிடுவேன். ஆயர் குரோ பேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் படித்துவிடலாம். ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். வேன் ஓட்டும் மலாய்க்காரப் பாக்சிக்குத் தமிழ் தெரியாது, பயமில்லை.

கதவின் கீழே துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன். இந்த நேரத்தில் விளக்கு எரிவது அப்பாவுக்குப் பிடிக்காது. நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தால் அதைவிடப் பிடிக்காது.

லூர்து அத்தை இறந்த செய்தி எனக்கு எழுத்தாக வரவில்லை. மஸ்ஜித் தானாவில் சீனர் கடையில் அம்மா மீன் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஈரம் என்பதால் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தி, "அப்பா என்னமோ பேசி அனுப்பியிருக்காரு, போடு லா" என்றார். போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "லூர்து போயிட்டா லா. புள்ளைய கூட்டிக்கிட்டு வா." அவ்வளவுதான். கடைக்காரருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அவர் வானொலியை அணைத்தார். அம்மா, "மறுபடி போடு" என்றார். மறுபடி போட்டேன். அப்பா மறுபடியும் அதையேதான் சொன்னார். டெங்கி என்று சேர்த்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

உங்களுக்கு அத்தை பேக்டரியில் பக்கத்து நாற்காலி. எனக்கு அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தவர். அந்த அறையில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் அத்தையும் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளாக இருந்தபோது அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அத்தையை மூன்றாம் ஆண்டோடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அப்பா தொடர்ந்து படித்தார். இன்று சூப்பர்வைசராக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதை இப்படிச் சொல்வதில்லை. "லூர்துக்குப் படிப்பு ஏறல" என்றுதான் சொல்வார்கள். என் மதிப்பெண் குறையும் போதெல்லாம் அப்பா, "நீயும் அத்த மாதிரி ஆயிடுவே, பாரு" என்பார். பெரும்பாலும் அந்த நேரத்தில் அத்தை அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பார். கை நிற்காது. சிரித்துக்கொண்டே ஊற்றுவார்.

படிப்பு ஏறியது. தொலைக்காட்சி வழியாக ஏறியது. நம் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் போட்டால் கீழே மலாய் எழுத்து ஓடும் அல்லவா? தமிழ் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அத்தை அதைத்தான் பார்த்தார். மூன்றாம் ஆண்டு வரை கற்ற எழுத்துகளை வைத்துக்கொண்டு, படம் படமாக, வருடக்கணக்கில் பார்த்தார். "காதுல தமிழ் வருது, கண்ணுல மலாய் வருது. ரெண்டும் ஒரே விசயம்தானே? காது சொல்லிக் குடுக்குது, கண்ணு கத்துக்குது. ஸ்கூல் பீஸ் கிடையாது லா" என்பார். கதாநாயகி அழும் காட்சியில் அம்மாவும் நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்போம். அத்தை மட்டும் திரையின் அடியைப் பார்த்துச் சிரிப்பார். "இவ இவ்ளோ நேரம் நெஞ்சில அடிச்சுக்கிட்டுப் பேசுறா, மலாய்ல 'மாஆஃப்'ன்னு ஒரே வார்த்தையில சாரி கேட்டு முடிச்சுட்டான் பாரு!"

ஆனால் ஒரு பக்கத்தை முன்னால் வைத்தால் அவருக்குப் படிக்க வராது. என் பள்ளி மலாய்க் கதையை ஒருநாள் நீட்டினேன். பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நிக்கிற எழுத்து என்னைய மொறைக்குது, மருமவளே. ஓடுற எழுத்துன்னா தொரத்திப் புடிச்சுருவேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நீ படி பாப்போம்" என்றார். படித்தேன். மூன்றாவது வரியில் என் கை தானாகக் கைப்பேசியைத் தேடிப் போனது. துண்டுப் படங்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த கண், ஒரு பக்கம் முழுக்க நிற்க மாட்டேன் என்றது. எங்கள் ஆசிரியர் வகுப்பில் எல்லாரையும் அதற்காகத்தான் திட்டுவார். அத்தை திட்டவில்லை. "அலாமா, நமக்கு ஒரே வியாதி லா" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பிஸ்கட் பெட்டி அட்டையை எடுத்தார். இரண்டு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நடுவில் நீளமாக வெட்டினார். புத்தகத்தின் மேல் அதை வைத்து, "இதான் நம்ம டிவி" என்றார். அவர் அட்டையைக் கீழே நகர்த்திக்கொண்டே போக வேண்டும், நான் படித்துக்கொண்டே வர வேண்டும். கொஞ்சம் தயங்கினால், "போயிடும், சீக்கிரம் படி!" என்று கத்துவார். பிறகு நான் நகர்த்துவேன், அவர் படிப்பார். நானும் கத்துவேன். அம்மா சமையலறையிலிருந்து, "அங்க என்னா ரெண்டு பேரும் கோழி புடிக்கிறீங்களா?" என்று கேட்பார். நான் முழுதாகப் படித்து முடித்த முதல் கதை அப்படித்தான் முடிந்தது. கடைசி வரியில் அத்தை அட்டையை நகர்த்தாமல் அப்படியே வைத்திருந்தார். "நிக்குது, ஆனா மொறைக்கல" என்றார்.

அந்தத் தவணை நான் மலாயில் தேறினேன். அப்பா டியூஷன் ஆசிரியருக்குப் பழக்கூடை கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கூடைக்கு வண்ணத்தாள் சுற்றியது அத்தைதான்.

தமிழ் எழுத்தை அவர் கைப்பேசியிடம் பேசியே மீட்டெடுத்தார். அது உங்களுக்கே தெரியும். பேசினால் அது எழுதும், எழுதியதை அவர் பார்ப்பார். ஆனால் நாம் பேசுவது அதற்குப் புரிவதில்லை. "அதுக்கிட்ட நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசணும்" என்று கண்டுபிடித்தார். அதனால்தான் உங்கள் குழுவில், "அன்புச் சகோதரிகளே, இன்று நான் சற்றுத் தாமதமாக வருகின்றேன், வேனை நிறுத்தி வைக்கவும்" என்று வந்தது. கமலா அக்கா, "யாரு லா இது, மந்திரியா?" என்று போட்டிருந்தீர்கள். அத்தை அதைத் தானே படித்துவிட்டு, என்னிடம் ஓடி வந்து காட்டினார். "பாத்தியா, என்னைய மந்திரிங்குறா!" பள்ளியிலிருந்து எனக்கு நேரமானால், "அன்பு மருமகளே, சமையலறையில் மீன் குழம்பு இருக்கின்றது" என்று வரும். இனி யாரும் என்னிடம் மீன் குழம்பு இருக்கின்றது என்று சொல்ல மாட்டார்கள்.

வெளியாட்கள் முன்னால் அவர் படித்தது ஒரே தடவை. மலாக்காவில் எங்கள் கோயில் திருநாளன்று, பூசையில் மக்களின் மன்றாட்டுகளைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பார்கள். மலாய் வாசிக்க வேண்டியவர் மழையில் மாட்டிக்கொண்டார். உபதேசியார் அங்கிள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். அத்தை எழுந்து போனார். உள்ளங்கையால் தாளை மறைத்துக்கொண்டு, இரண்டு வரி படபடவென்று படித்தார். நிறுத்தினார். கையை நகர்த்தினார். மறுபடி இரண்டு வரி படபடவென்று. ஒரு பிழை இல்லை. பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. வெளியே வந்ததும் உபதேசியார், "லூர்து, எப்பம்மா இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "வீட்டுல மனப்பாடம் பண்ணியிருப்பா, அங்கிள்." அத்தை ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். "ஆமா அங்கிள், மனப்பாடம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் வந்த அன்று அவர் தூக்கத்தில் இருந்தார். அதற்கு முந்தின மதியம் வார்டுத் தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ப் படம் ஓடியது. தாதி சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த தமிழ்ப் பாட்டி, "வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலயே" என்று முனகினார். அத்தை மலாய் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்தார். கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்குக் கட்டைக் குரல். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, "டேய், என் தங்கச்சி மேல கை வச்சா சும்மா விடமாட்டேன்" என்கிறார். பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்து இருமினார். பழம் வாங்கி வந்த அப்பாவும் வாசலில் நின்று சிரித்தார். "எத்தன தடவ பாத்த படமோ, வசனம் பூரா வச்சிருக்கா பாரு!"

அது அன்றுதான் முதல் முறையாகப் போட்ட படம்.

அப்பா காரை நகர்த்தப் போனதும், "சொல்லிடட்டுமா அத்த?" என்று கேட்டேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது. "வேணாம் லா. எனக்குப் படிப்பு ஏறலன்னு நெனச்சுக்கிட்டுத்தான் உங்கப்பா இத்தன வருசம் நிம்மதியா தூங்குறாரு. நீ போயி எழுப்பி விட்டுடாத."

அதனால்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். நாளை முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நினைவுரை. அப்பா அதைத் தானே எழுதவில்லை. ஏஐயிடம் மலாயில் பேசினார், அது தமிழில் எழுதிக் கொடுத்தது. அழகான தமிழ்தான். அப்பாவால் அதைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போனதிலிருந்து அவர் தமிழைத் தொட்டதே இல்லை. கைப்பேசியையே வாசிக்க வைத்துக் கேட்டார். கேட்டு அழுதார். அவர் அழுதது பொய் இல்லை, அக்கா. மண்டபத்தில் அதை நான் வாசிக்க வேண்டும் என்று அச்செடுத்துக் கொடுத்தார். "ஒரு எழுத்து மாத்தக் கூடாது" என்றார்.

அதில் நடுவில் இப்படி இருக்கிறது: "எழுத்தறிவு எனும் ஒளி கிட்டாமல் வாழ்நாள் முழுவதும் இருளில் வாழ்ந்தவர். பிள்ளைகளே, அவருடைய வாழ்க்கை உங்களுக்கு ஒரு பாடமாகட்டும்."

நேற்றிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். அந்த இடம் வந்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். அத்தையின் பெயரைச் சொல்லி அத்தையைப் போல் ஆகாதீர்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வேறு எதை வேண்டுமானாலும் வாசிப்பேன்.

முடிவு செய்துவிட்டேன். அந்தத் தாளை வாசிக்க மாட்டேன், இதில் இருப்பதை வேறு தாளில் எழுதி வைத்து அதைத்தான் வாசிப்பேன். படம், அட்டை, மன்றாட்டு, வார்டு, மீன் குழம்பு எல்லாம். மூன்றாம் ஆண்டோடு நிறுத்திய கதையையும், அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னதையும் வாசிக்க மாட்டேன். அவை உங்களுக்கு மட்டும். அத்தை அப்பாவைத் தூங்கவிடச் சொன்னார். நான் எழுப்பப் போகிறேன், ஆனால் அடித்து எழுப்ப மாட்டேன். அப்பா பாதியில் எழுந்து வந்து தாளைப் பிடுங்கினாலோ, எனக்கே பயத்தில் குரல் அடைத்தாலோ, உங்களில் ஒருவர் எழுந்து, "லூர்து படிப்பா, நாங்க பாத்திருக்கோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அது போதும்.

அவருடைய சேலைகளை அம்மா எடுத்து வைத்துவிட்டார். கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது பிஸ்கட் பெட்டி அட்டை, அதில் அவர் வெட்டிய அந்த நீளமான ஓட்டை. ஓரமெல்லாம் அவர் விரல் பட்டு வழவழவென்று இருக்கிறது. நாளை மண்டபத்தில் அதைத் தாளின் மேல் வைத்துத்தான் படிப்பேன். இரண்டு வரிதான் தெரியும். வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தெரிய மாட்டார்கள், அப்பாவின் முகமும் தெரியாது. போயிடும், சீக்கிரம் படி என்று அவர் சொல்வது மட்டும் கேட்டால் போதும், கடைசி வரி வரைக்கும் போய்விடுவேன். அதன் பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்ப்பேன். அப்போது அவர்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"ஜெனி, முழிச்சிருக்கியா? அந்தத் தாள நீ ஒரு தடவ படிச்சுக் காட்டு லா. போன் படிக்கிறப்ப அது என் தங்கச்சி மாதிரியே இல்ல."

அட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன், அக்கா. அப்பாவின் தாளில் அந்த இடம் வரும்போது இதில் இருப்பதைப் படிப்பேன்.