குருநாதன் ஆசாரியை நான் நிறுத்திய விதம்

குருநாதன் ஆசாரியைத் தரகராக அமர்த்த ஒரு தம்ளர் மோர் குடிக்கிற நேரம்தான் ஆனது. அவரை நிறுத்த ஏழு மாதம் ஆயிற்று. மோரைக் குடித்தவர் அவர். ஏழு மாதம் தவித்தவள் நான்.

அது 1968, ஆவணி மாதம். காரைக்குடியில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. அப்பா காலமான பிறகு அதில் அம்மாவும் நானும்தான். எனக்குத் தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. பஸ் நேரத்துக்கு வந்தால் நானும் நேரத்துக்குப் போவேன். வாரத்தில் இரண்டு நாளாவது பஸ்ஸுக்கு வேறு யோசனை இருக்கும். தலைமை ஆசிரியை என்னை அழைத்து, "வர்ற ஜூன்ல உன் வேலை நிரந்தரமாகணும். அதுக்குள்ள இங்கேயே குடிவந்துடு. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வாடகை வீட்டுல உலை வைக்க நான் வர மாட்டேன்" என்றாள் அம்மா. "இதை வித்துட்டு அங்குட்டு ஒண்ணு வாங்கு. வாரேன்."

அப்படித்தான் குருநாதன் ஆசாரி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல தச்சர். மரம் இறக்கும்போது வலது கைக் கட்டைவிரல் நசுங்கி, உளியைப் பிடிக்க முடியாமல் போனதால் தரகுக்கு வந்தவர். பாதி ஊருக்குக் கதவு செய்து போட்டவர் என்பதால் எந்த வீட்டுக்குள்ளும் அவரால் நுழைய முடிந்தது. காதில் பென்சில் மட்டும் பழைய வழக்கப்படி இருந்தது.

"அஞ்சு வருசத்துல நாலு வீடு முடிச்சிருக்கேன், டீச்சர்" என்றார். "அதுல ஒண்ணு மாட்டுக்கொட்டகை."

இதைக் கேட்ட பிறகும் அமர்த்தினேன். ஒளிக்காமல் சொல்கிறாரே என்று மகிழ்ந்தேன்.

வாய்ச்சொல்லே போதும் என்றார் அவர். நான் விடவில்லை. இரண்டு மொழி படித்தவள் எழுத்தில்லாமல் ஒரு காரியம் செய்யலாமா? முழு நீளத் தாளில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக ஒப்பந்தம் எழுதினேன். வீடு விலையாகும் வரை வேறு எந்தத் தரகரும் வீட்டைக் காட்டக் கூடாது. இவரும் சொந்த ஆதாயம் எதுவும் தேடாமல் எங்கள் பக்கமே நிற்க வேண்டும். எழுத்து மிக அழகாக அமைந்தது. விலையாகாவிட்டால் எப்போது முடித்துக்கொள்வது என்பதை மட்டும் எழுதவில்லை. இரண்டு மொழியிலும் எழுதவில்லை.

முதலில் கல்லலிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். வாசலிலேயே ஆசாரி நிலைக்கட்டையை விரல் முட்டியால் தட்டினார்.

"சத்தம் கேட்டீகளா? உள்ளே பொக்கு. தேக்குன்னு நினைச்சிராதீக, இது வேம்பு."

ஜவுளிக்கடைக்காரர் காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்து ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர். அவரை ஏணி வைத்துப் பரண் மேலேயே ஏற்றிவிட்டார் ஆசாரி.

"ஓட்டைத் தாங்குற மூணாவது கைமரம் பாருங்க. செல்லு தின்னுருக்கு. நாலாவது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

ஓவர்சியர் இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் அனுதாபமாகப் பார்த்தார்.

அவர் போனதும் அம்மா கேட்டாள். "ஏன் ஆசாரி, வீட்டை விக்க வந்தீகளா, வைத்தியம் பாக்க வந்தீகளா?"

"மறைச்சு வித்தா நாளைக்கு ஓடு எறங்கும். கொண்டாந்து விட்டது குருநாதன்தானேம்பாக."

"எறங்குனா அவுக தலையில எறங்கட்டும். இப்ப எங்க தலையிலல்ல இருக்கு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்று இரவு அவரை நிறுத்துவதென்று முடிவு செய்தேன். அது கார்த்திகை மாதம்.

முடிவு செய்வதில் எனக்கு எப்போதுமே சிரமம் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது கடைசி வரியில்தான் நினைவு வந்தது. தமிழில் எழுதினேன், அது விருது வழங்கும் பாராட்டுரை போல இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டு, நேரில் சொல்லலாமென்று அவர் இருக்கும் இடத்துக்கே போனேன். தன் தம்பி வீட்டின் பின்கட்டில், பலகைகளுக்கு நடுவே, மனைவியோடு ஒண்டிக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தபடி எப்படிச் சொல்வது?

"அண்ணே, என் சிநேகிதிக்கு ஒரு யோசனை வேணும்" என்றேன். "பள்ளத்தூர்ல இருக்கா. அவளுக்கும் ஒரு தரகர். அவரை நிறுத்தணும். எப்படின்னு தெரியலை."

"என்ன செஞ்சாரு அவரு?"

"வாங்க வர்றவங்ககிட்ட வீட்டோட குறையெல்லாம் சொல்லிடறாராம்."

ஆசாரி பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"எழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுத்துலதான் முடிக்கணும். இத்தோட முடிஞ்சதுன்னு ஒரு வரி, ரெண்டு பேரு கையெழுத்து. காரணம் எழுத வேணாம்; எழுதினா பேச்சு வளரும். வெத்தலை பாக்கு வச்சுக் குடுத்துரச் சொல்லுங்க." நான் எழுந்தபோது, "சீக்கிரமாச் செய்யச் சொல்லுங்க, டீச்சர். அந்த மனுசனுக்கும் நிம்மதியா இருக்கும்" என்றார்.

என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன். வழி தெரிந்துவிட்டது. அந்த வழியில் ஓர் அடி வைக்க மேலும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். தையில் ஒரு முறை வெற்றிலை வாங்கினேன், அது வாடியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?" என்று கேட்டாள்.

மாசிக் கடைசியில் இரண்டு காரியங்கள் நடந்தன. தலைமை ஆசிரியை, "வீடு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்தார். அதே வாரம் ஏகப்பன் என்ற வேறொரு தரகர், கையில் முன்பணத்தோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசல் வரை வந்திருக்கிறார். ஆசாரி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"டீச்சர் எழுத்து அப்படி. வேற தரகர் காட்டக் கூடாது" என்றார் என்னிடம், கடமையைச் செய்தவரின் முகத்தோடு. என் அழகான எழுத்து என் வாசலிலேயே காவல் நின்றிருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒற்றை வரி எழுதி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வந்த ஆசாரியிடம் நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்து, "இந்த வருஷம் வெயில் அதிகம்" என்றேன்.

அவர் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். என் பேனாவை வாங்கி, நசுங்கிய விரலால் உடனே கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்து ஆறுதல் வார்த்தைகள்கூடத் தயார் செய்திருந்தேன். என்னைவிட்டு இவ்வளவு வேகமாக யாரும் விலகியதில்லை.

"முடிஞ்சுதா, டீச்சர்? சட்டப்படி?"

"முடிஞ்சுது, அண்ணே."

அவர் எழுந்து வெளியே போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு அடி நடந்தார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, வீடு விக்கிறதாக் கேள்விப்பட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். என்னைவிட அவளுக்கு எதுவும் சீக்கிரம் விளங்கும்.

"விக்கிறோம்" என்றாள். "ஆனா மூணாவது கைமரம் செல்லரிச்சிருக்குதாம்."

"மாத்திக்கிருவேன். எம் மகனும் தச்சன்தான், அவன் கையில ஒரு நாள் வேலை."

"நிலை வேம்பாம்."

"வேம்பு நல்ல மரம், ஆத்தா."

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணே, உங்களுக்கே வேணும்னா முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேப்பேன்? சொந்த ஆதாயம் தேடக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீக. இந்த வீட்டுப் பின்கட்டுல பட்டறை போட எடம் இருக்கு, மகனையும் கூட வச்சுக்கிறலாம்னு ரெண்டாவது தடவை வந்தப்பவே தோணிருச்சு. நீங்க எப்ப விடுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பள்ளத்தூர்ச் சிநேகிதி வந்த அன்னைக்குப் பொழுது விடிஞ்சுருச்சுன்னு நினைச்சேன். அதுக்கப்புறமும் மூணு மாசம்."

"அப்ப வந்தவுகளை எல்லாம் குத்தம் சொல்லி வெரட்டுனது?" என்றாள் அம்மா.

ஆசாரி தரையைப் பார்த்தார். "சொன்னதெல்லாம் நெசம். ஆனா அந்த ஓவர்சியரை ஏணியில ஏத்தி இருக்க வேணாம். அது எனக்கே தெரியும். அதனால நீங்க முதல்ல சொன்ன வெலையையே தாரேன். மகன் வெளியூர்ல வேலை பாத்து அனுப்புன பணம் சேந்திருக்கு. ஒரு ரூவா கொறைக்கலை."

"கொறைச்சாத்தான் குடுத்துருவமாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா மோர் கொண்டுவரப் போனாள்.

சித்திரையில் பத்திரம் பதிவாயிற்று. வைகாசியில் தேவகோட்டையில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். பேரம் முழுவதும் அம்மாவே பேசினாள். என்னைத் தாள் எடுக்கவே விடவில்லை. பள்ளிக்கூடம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, புறப்பட்டு வாசலுக்கு வந்தேன். அடுத்த வீட்டு அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நேரமாகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் மணி அடித்தது கேட்டது. இரண்டாவது மணியும் கேட்டது. அவர் அப்போதுதான் மருமகளின் கல்யாணச் சீர்க் கதையை முடித்துவிட்டுத் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார்.