மூன்று கெட்டில் கொதிதண்ணீர்

எங்கள் தெருவில் அவருக்குப் பளிச்சண்ணன் என்று பெயர். தொழிற்சாலை கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாக அண்டா கழுவுகிறவர். அவர் கழுவிய அண்டாவில் முகம் பார்த்து மேற்பார்வையாளர் மீசை வாரிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அதை அவரேதான் சொல்வார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் மீசை கொஞ்சம் நீளும்.

கழுவுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சோப்பு அழுக்கைக் கிளப்பத்தான் செய்யும், அதை வெளியே அனுப்புவது கொதிதண்ணீர் என்பார். கடைசியில் ஒரு வாளி கொதிதண்ணீர் ஊற்றாத பாத்திரத்தை அவர் கழுவிய கணக்கில் சேர்க்கவே மாட்டார். கல்யாணமான புதிதில் வீட்டுத் தட்டுகளையும் மறுபடி எடுத்து அப்படி ஊற்றி வைத்து, மனைவியிடம் ஒரு வாரம் பேச்சு இல்லாமல் கிடந்தவர்.

அந்த மனைவியை நாங்கள் அக்கா என்போம். மூன்று வருடமாக அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் நாலு மணி நேரம். அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்தப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் மேட்டுத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட பிறகு வாடகைக் கார்க்காரர்கள் மேலே வருவதில்லை. போன மாதம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இரண்டரை மணி நேரம் வாசலில் நின்றார்கள். மிச்சமிருந்தது அவருடைய பழைய கார் ஒன்றுதான். எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரம் இறங்க வேண்டும் என்பது அதற்கே மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் பாதி வழியில் புகைந்தது. எஞ்சினில் எங்கோ கசிந்த எண்ணெய் சூட்டில் கருகி, நாற்றம் உள்ளே வந்து, அக்கா மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். திரும்பி வந்தார்கள். அன்றைய மெஷின் முறை தவறிப்போயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. நாற்காலியில் சாய்ந்தபடியே, வீங்கின காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு கிடந்தார். திங்கட்கிழமையும் தவறினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் வந்து பார்த்த மெக்கானிக், எஞ்சின் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். பத்து வருடத்து எண்ணெயும் புழுதியும் அடை மாதிரி அப்பியிருந்தது.

"இதுல எங்கேர்ந்து ஒழுகுதுன்னு ஜோசியம்தாண்ணே பாக்கணும். ஊரு பாத்திரமெல்லாம் தேய்க்கிறீங்க, இதத் தேய்க்கலியே. காலையில கழுவி வைங்க, ஒம்பது மணிக்கு வரேன்."

எப்படிக் கழுவுவது என்பதையும் அவரே வரிசையாகச் சொன்னார். எஞ்சின் ஆறி இருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காற்று இழுக்கும் குழாய், பிளக் ஒயர்கள் இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி டேப் ஒட்ட வேண்டும். கிரீஸ் கரைக்கும் திரவத்தைத் தெளித்து, பிரஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரைப் பூவாளியில் கொஞ்சம்போல விட வேண்டும். குழாயை வைத்துப் பீய்ச்சக்கூடாது. அப்புறம் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காலை ஆறு மணிக்கெல்லாம் பளிச்சண்ணன் அரைக்கால் சட்டையோடு இறங்கிவிட்டார். சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. எண்ணெய்த் தண்ணீர் சாக்கடைக்கு ஓடாமல் காருக்கடியில் மரத்தூளும் பழஞ்சாக்கும் பரப்பினார். பைகளைக் கட்டியதைப் பார்த்தால் பிரசவித்த பிள்ளைக்குத் துணி சுற்றியது போலிருந்தது. எட்டு மணிக்கு எஞ்சின் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அவருடைய காருக்கு அப்படி ஒரு நிறம் உண்டென்று அவருக்கே அன்றுதான் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விரலால் தடவிப் பார்த்தார். மெல்லிய வழவழப்பு ஒன்று மிச்சமிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக் கை அது. உள்ளே போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று கெட்டில் கொதிதண்ணீரை எஞ்சின் தலையில் ஆவி பறக்க ஊற்றினார். வழவழப்பு போய்விட்டது. அந்தச் சூட்டில் டேப்பின் பசையும் விட்டுப்போனது அவருக்குத் தெரியவில்லை.

பைகளை அவிழ்த்தபோது மேலெல்லாம் காய்ந்தே இருந்தது. ஒன்பது மணிக்கு மெக்கானிக் வரவில்லை. எங்கோ நெடுஞ்சாலையில் நின்றுபோன லாரிக்கடியில் படுத்திருந்தார். ஒன்பதரைக்குப் பளிச்சண்ணன் பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கரகரத்தது, பிடிக்கவில்லை. ஏழெட்டு முறை திருப்பிய பிறகு அந்தக் கரகரப்பும் சோர்ந்து இழுத்தது.

மெக்கானிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். கேட்டதும், "கரண்டு போற எடத்துல கொதிதண்ணியாண்ணே," என்று கேட்டிருக்கிறார். நெருப்புப் பொறி தரும் பிளக்குகள் நாலும் நாலு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், டேப் விட்ட வழியே தண்ணீர் அங்கேதான் இறங்கியிருக்கும், ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி ஒற்றி எடுக்க வேண்டும், நாலையும் ஒன்றாகக் கழற்றினால் மாற்றி மாட்டிவிடுவீர்கள் என்றார்.

அக்காவின் பழைய பருத்தித் துண்டைக் கிழித்துக் கரண்டிக் காம்பில் சுற்றினார். முதல் குழியில் கால் டம்ளர் தண்ணீர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதேபோல. நாலாவது, பின்னால் இடுக்கில் இருந்தது. அதன் ஒயர் அசையவே இல்லை. இழுத்தால் ரப்பர் கிழிகிறது. விரல் நகம் பெயர்ந்து இரத்தம் வந்ததை அவர் கவனிக்கவில்லை. மணி பத்தரை.

அக்கா வாசல்படியில் நாற்காலியில் இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, மூன்று குழி காய்ந்ததே, மூன்று கால் மாடு நடக்காதா என்று கேட்டார். அவரால் அப்போதும் கேலி பேச முடிந்தது. பளிச்சண்ணனால்தான் அதைக் கேட்க முடியவில்லை.

நாலாவதை அப்படியே விட்டுவிட்டு, கடைசி முயற்சி என்று சாவியைத் திருப்பினார். கார் உடம்பெல்லாம் உதற, இருமி, பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அக்காவை நாற்காலியோடு கார் வரை தூக்கிப் போய், பின்சீட்டில் உட்கார வைத்தோம். பள்ளம் பள்ளமாக இறங்கி, குலுங்கிக்கொண்டே தெருமுனை திரும்பிப் போனதைத்தான் நான் பார்த்தேன். மற்றதெல்லாம் பிறகு அக்காவும் அவரும் சொன்னது.

பதினொன்று இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். படுக்கைக்கு அடுத்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். சக்கர நாற்காலிக்காரர் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். எப்போதும் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பளிச்சண்ணன் அன்றைக்கு வரவில்லை. காரை அணைத்தால் திரும்பப் பிடிக்குமோ என்னவோ, பேட்டரியிலும் உயிரில்லை. வெயிலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி நாலு மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தார்.

வாட்ச்மேன் இரண்டு முறை வந்து அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை சண்டைக்கே வந்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். முன்னொரு காலத்தில் அந்த வாட்ச்மேன் லாரி ஓட்டியவர். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நாலு சிலிண்டருமே நல்லாத்தான் ஓடுது சார். சூட்டுல தண்ணி காஞ்சிருக்கும். பேட்டரியும் ஏறியிருக்கும். நிறுத்துங்க, கால் வலிக்கல?" என்றார்.

"இருக்கட்டும்ங்க."

மூன்றரைக்கு அக்கா வெளியே வந்தபோது கார் சீராகத்தான் முனகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கணவரைப் பார்த்தார். அவருடைய வலது கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, நகத்தில் காய்ந்த இரத்தம். அண்டாவில் மீசை வாரிய கதையைச் சொல்லும் வாய் உலர்ந்து வெளுத்திருந்தது.

"அணைச்சுப் பாருங்க," என்றார் அக்கா.

"பிடிக்கலைன்னா?"

"நிக்கறதுன்னா இங்க நிக்கட்டுமே. இது ஆஸ்பத்திரிதானே. புதன்கிழமை நம்ம வாசல்ல நிக்கறதுக்கு இது தேவலை."

அவர் அசையவில்லை. நான் ஊற்றினது, நான் ஊற்றினது என்று ஏதோ முணுமுணுத்தாராம். அக்கா எட்டி, தானே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். திடீரென்று அப்படி ஓர் அமைதி. மரத்தடியில் யாரோ மருந்துச் சீட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது கேட்டதாம்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

பளிச்சண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தார். சாவிக்குக் கை போகவில்லை. ஒரு கையை எடுப்பார், அது பாதியில் திரும்பிவிடும். வாட்ச்மேன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவசரப்படுத்தவில்லை. மூன்று நாளைக்கு அப்புறம் மூச்சு நெஞ்சு வரை போய் வந்தது அவருக்கு. சீட்டைப் பின்னால் சாய்த்து, முழுசாகப் படுத்தார்.

"மெதுவாப் பண்ணுங்க," என்றார். "நான் கொஞ்சம் தூங்கறேன்."