கோச் சேர் காலியாக இருந்த வருஷம்

காலை 6.42.

மேட்டூரில் ஷிஃப்ட் முடித்து, கேட்டுக்கு வெளியே பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். ரம்யா கூப்பிட்டாள். "அண்ணா... பழனிவேல் சார் போயிட்டாருங்கண்ணா. ஹார்ட் அட்டாக்குங்களாம்."

"சரிம்மா" என்றேன்.

பழனிவேல் சார் எங்கள் காலேஜ் பி.டி. சார். பெண்கள் கபடி டீமுக்கு கோச். ரம்யா அந்த டீமில் கார்னர் ஆடியவள், இப்போது போலீஸில் இருக்கிறாள். என் மனைவி கௌசல்யா அதில் ரைடர்.

இந்தப் போன் கௌசிக்கு வந்திருக்க வேண்டியது. அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை... அதனால் எனக்கு வந்தது.

கௌசி வெண்ணந்தூர்க்காரி. முதலில் வேறொரு காலேஜில், கபடிக்காகக் கொடுத்த ஃப்ரீ சீட்டில் படித்தாள். அங்கே கோச்சாக இருந்து அவளைச் சேர்த்ததும் சார்தான். கபடியால் அட்மிஷன் ஏறவில்லை என்று அந்த மேனேஜ்மென்ட் டீமையே கலைத்துவிட்டது. ஃப்ரீ ஹாஸ்டலும் கட்.

சாரைத் திருச்செங்கோடு பக்கம் எங்கள் காலேஜில் கூப்பிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு சீட் கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் ரூல் குறுக்கே வந்தது. காலேஜ் மாறி வரும் பிளேயர் ஒரு வருஷம் ஆடக்கூடாது. டீமையே கலைத்துவிட்டார்களே, விதிவிலக்கு கிடைக்கும் என்று சார் நம்பியிருந்தார். கிடைக்கவில்லை.

கௌசி நேராகவே கேட்டிருக்கிறாள். "ஏனுங்க சார், நீங்களுந்தான காலேஜ் மாறுனீங்க? நீங்க நாளைக்கே போயி கோச் சேர்ல உக்காந்துக்கலாம். நான் மட்டும் ஒரு வருசம் வெளிய நிக்கோணுமா?"

"ஆளத் தூக்கற காலேஜுகளுக்குனு போட்ட ரூலு சாமி. மாட்டறது உன்னையாட்டம் இருக்கற புள்ளைங்க" என்றாராம்.

இதில் கொடுமை என்னவென்றால், அட்மிஷன் சீசனுக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் காலேஜ் வைத்த ஃப்ளெக்ஸில் கௌசிதான் இருந்தாள். ஆளுயரத்துக்கு. ரைடு போகிற போஸில்.

"ஃப்ளெக்ஸ்ல ஆடலாமாமா, கிரவுண்டுலதான் ஆடக்கூடாதாமா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள்தான்... அப்புறம் பிராக்டிஸ் முடிந்ததும் யாரோடும் பேசாமல் தனியாக ஓடிக்கொண்டிருப்பாள்.

நான் அங்கே ஈ.சி.இ. படித்தேன். ப்ராஜெக்டுக்குச் செய்த எல்.இ.டி. ஸ்கோர்போர்டை மேட்ச்சில் இயக்குவது என் வேலை. சார் என் பெயரையே சொன்னதில்லை. "டேய் போர்டு" என்பார்.

அந்த வருஷம் முதல் மேட்ச். எங்கள் காலேஜ் கிரவுண்ட். கோச் சேர் காலியாக இருக்கிறது. பார்த்தால், சார் என் டேபிளுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கௌசி.

காலேஜ் மேனேஜர் ஓடி வந்தார். "சார், சேர் காலியா கெடக்குதுங்க. சீஃப் கெஸ்ட் பாக்கறாருங்க."

"இந்தப் புள்ள உள்ள எறங்கற அன்னிக்கு நானும் வந்து உக்காரறனுங்க."

"அட, ரூலு அந்தப் புள்ளைக்குத்தானுங்க. உங்களுக்கு இல்லீங்களே?"

"இல்லீங்க. அதான் நானே போட்டுக்கிட்டேன்."

சேரில்தான் உட்காரவில்லை. வாய் சும்மா இருக்குமா? "ரம்யா, காலப் புடிறீ!" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல். அம்பயர் மேட்ச்சை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். "ஏப்பா, ஸ்கோர் போடறவன் கோச்சிங் குடுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

திரும்பிப் பார்த்தேன். சார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசி துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் செமிஃபைனலில் தோற்றோம். சாரை அனுப்பிவிடலாம் என்றுகூட ஆபீஸில் பேச்சு ஓடியது. ஆனாலும் ஒரு மேட்ச்சிலும் அவர் அந்தச் சேரில் உட்காரவில்லை.

அடுத்த வருஷம் கௌசி இறங்கினாள். சாரும் சட்டையை இன் செய்துகொண்டு சேரில் வந்து உட்கார்ந்தார்.

முதல் ரைடிலேயே பிடித்துவிட்டார்கள் அவளை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஒரு வருசமா உங்ககூட உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சுங்க சார்" என்றாள். சார் எழுந்து நின்று கை தட்டினார். அவுட்டானதற்குக் கை தட்டிய கோச்சை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கௌசி போனபோது சார் மேட்டூர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருசம் ஆட வேண்டிய புள்ள. ஒரு வருசத்த நாந்தான் வீணாக்கிப் போட்டேன். வெண்ணந்தூர்லயே உட்டிருந்தா வேற எவனாவது நல்ல காலேஜாப் பாத்துச் சேத்திருப்பான்."

எனக்கு அன்று எதுவுமே உறைக்கவில்லை. உள்ளே எல்லாம் ஸ்விட்ச் ஆஃப் ஆன மாதிரி இருந்தது. ஆனால் இதை மட்டும் சொன்னேன். "சார், அந்த ஒரு வருஷம் அவ என் டேபிளுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அப்பத்தான் எங்களுக்குப் பேச்சே ஆரம்பிச்சுது."

சார் என்னையே பார்த்தார்.

"அட போர்டு... நான் அம்பயருக்குப் பயந்து வானத்தப் பாத்துட்டு இருந்தா, நீ இந்த வேலை பாத்திருக்கியா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கௌசி போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

சாரைச் சேந்தமங்கலத்தில் அவர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். மதியம் எடுக்கிறார்களாம். ரம்யா செட் மொத்தமும் வருகிறது. அவர் கோச்சாக இருந்த இரண்டு காலேஜ் பெண்களும் வருகிறார்கள். நானும் கிளம்புகிறேன்.

சார்... கௌசியைப் பார்த்தால் எதுவும் விசாரிக்க வேண்டாம். நேராக உள்ளே இறக்கிவிடுங்கள். ஆடட்டும்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து லேப்டாப்பில் இதை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை போனை அணைத்து வைத்திருந்தேன்.